சிறப்புக் கல்வி படிக்க: ரெகுலர் பி.எட்.டா, தொலைநிலையா, டி.எட்.டா?

அரசு அறிவிக்கைகளில் 'சிறப்பாசிரியர்' என்று தேடினால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி என்றுதான் வரும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிப்பவரைப் பள்ளிக் கல்வித் துறை 'சிறப்புப் பயிற்றுநர்' என்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அவர் 'ஸ்பெஷல் எஜுகேட்டர்'. பெயரிலேயே இந்தக் குழப்பம் என்றால், படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் இன்னும் அதிகம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'மிதமான குறைபாடுள்ள மாணவர்களுக்கான ஆசிரியர்' என்றே உரிமம் இருக்கிறது. கலிபோர்னியாவிலும் லேசான, மிதமான தேவை உள்ள பிள்ளைகளுக்கென்று தனிச் சான்று உண்டு. நம் நாட்டில் அளவை வைத்துப் பட்டம் கிடையாது, வகையை வைத்துத்தான்: அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, செவித்திறன், பார்வை, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வகை பிரித்து வருவதில்லை. சாதாரணப் பள்ளி ஒன்றின் வள அறையில் (கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்பிக்கும் அறை) லேசான அறிவுசார் குறைபாடு (ஐ.க்யூ. 50 முதல் 69 வரை) உள்ள பையன், டிஸ்லெக்ஸியா (வாசிப்புச் சிக்கல்) உள்ள பெண், ஓரிடத்தில் உட்காரவோ கவனம் நிறுத்தவோ முடியாத ஏ.டி.எச்.டி. குழந்தை, நன்றாகப் பேசும் ஆட்டிசக் குழந்தை எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி இருப்பார்கள். மிதமான குறைபாடு (35 முதல் 49 வரை) உள்ளவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். இவர்களோடு 70க்கும் 85க்கும் நடுவில் நிற்கும், எந்தச் சான்றிதழும் கிடைக்காத 'மெல்லக் கற்போர்' சிலரும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு படிப்பையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். படித்து முடித்ததும் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறுமா? மேலே சொன்ன மாதிரிப் பிள்ளைகளோடு, கூடவே ஒருவர் உட்கார்ந்து திருத்த, எத்தனை நாள் வேலை செய்யக் கிடைக்கும்? கட்டணம், தூரம், ஹாஸ்டல் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

பதிவு எண் இல்லாவிட்டால்

1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த படிப்பை முடித்தவருக்கே மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டின் சி.ஆர்.ஆர். எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் இந்தத் தொழில் செய்வது அச்சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம். நேர்காணலில் முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான்.

அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. படிப்புவாரியாக, குறைபாட்டு வகைவாரியாக, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்கு மட்டும் தரப்படுகிறது. செவித்திறன் பிரிவுக்கு அனுமதி பெற்ற கல்லூரிக்கு அறிவுசார் குறைபாட்டுப் பிரிவு இல்லாமல் இருக்கலாம். போன ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு புதுப்பிக்கப்படாமலும் இருக்கலாம். இடைப்பட்ட ஆண்டில் சேர்ந்தவர் கையில் பட்டம் இருக்கும், பதிவு எண்ணுக்கு அலைவார். கல்லூரிச் சுவரில் தொங்கும் அங்கீகாரக் கடிதத்தை நம்பாமல், ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் கல்லூரியின் பெயர், பிரிவு, ஆண்டு மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ரெகுலர் பி.எட்.: எந்தப் பிரிவு?

ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் இரண்டாண்டு பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷனில் சேரலாம். 2015 முதல் இது இரண்டாண்டுப் படிப்பு. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நிப்மெட் (பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம்), கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் சிறப்புக் கல்விப் புலம், அவினாசிலிங்கம் போன்றவை இதில் பழைய கைகள்.

பாடத்திட்டம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. பொதுத் தாள்கள், பிற குறைபாடுகள் பற்றிய தாள்கள், எடுத்த பிரிவின் தாள்கள், இவற்றோடு இரண்டு பாடம் கற்பிக்கும் முறைகள். கணிதம், அறிவியல், சமூக அறிவியலில் ஒன்று, மொழிகளில் ஒன்று. இளங்கலையில் படித்த பாடத்தையே இங்கே எடுப்பது நல்லது. பட்டதாரி ஆசிரியர் பணி அறிவிக்கைகளில் பட்டப் பாடமும் கற்பித்தல் பாடமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் இடங்கள் உண்டு. பி.காம். முடித்தவர் சேரலாம், ஆனால் பின்னால் இந்த இடத்தில் கால் இடறும்.

களப்பணி மூன்று இடங்களில் நடக்கிறது: எடுத்த பிரிவுக்குரிய சிறப்புப் பள்ளி, வேறு குறைபாட்டுக்கான சிறப்புப் பள்ளி, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய பள்ளி. ஏட்டில் அழகாக இருக்கிறது. நடைமுறையில், கல்லூரியோடு சேர்ந்த சிறப்புப் பள்ளியில் பெரும்பாலும் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளே இருப்பார்கள். லேசான குறைபாடு உள்ளவர் ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறார். இப்படிப் பயிற்சி பெற்றவர் சோறு பிசைந்து ஊட்டுவதையும் கழிப்பறைப் பயிற்சியையும் திறமையாகச் செய்வார். சாதாரணப் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஒரு பிள்ளைக்கு எளிமையாக்கித் தரச் சொன்னால் திணறுவார். சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி: உள்ளடக்கிய பள்ளிப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள், அங்கே வள அறை உண்டா, மேற்பார்வைக்கு வாரம் எத்தனை முறை ஆசிரியர் வருவார்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

அறிவுசார் குறைபாட்டுப் பிரிவா, கற்றல் குறைபாட்டுப் பிரிவா என்பது அடுத்த கேள்வி. இரண்டிலும் கற்பிக்கும் கண் எப்படி வேறுபடுகிறது என்பதற்கு ஒரே ஒரு கழித்தல் போதும்.

52-லிருந்து 38. பிள்ளை 26 என்று எழுதுகிறது. இது கவனக்குறைவு இல்லை. ஒன்றாம் இடத்தில் 8-லிருந்து 2, பத்தாம் இடத்தில் 5-லிருந்து 3, இரண்டிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அதன் கையில் ஒரு விதி இருக்கிறது, தப்பான விதி. அதே பிள்ளையிடம் வாய்வழியாக, ஐம்பத்திரண்டு ரூபாயில் முப்பத்தெட்டு செலவானால் மீதி என்ன என்று கேளுங்கள். பதினான்கு என்று சொன்னால் எண்ணறிவில் குறையில்லை, எழுதும் முறையில்தான் சிக்கல். பத்துப் பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்து ஒன்றாம் இடத்தில் கொட்டவைத்து, கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கட்டம் கொடுத்தால் சில வாரங்களில் திருந்தும். கற்றல் குறைபாட்டுப் பிரிவு கற்றுத்தருவது இந்தப் பிழை ஆய்வை.

வாய்வழிக் கேள்விக்கும் பதில் வரவில்லை, நாணயங்களை எண்ணுவதிலேயே தடுமாற்றம் என்றால் வேறு பாதை. கடன் வாங்கிக் கழிப்பதை இப்போதைக்கு விட்டுவிட்டு, 38 ரூபாய்ப் பொருளுக்கு 50 ரூபாய் கொடுத்தால் சில்லறையை மேல்நோக்கி எண்ணி வாங்கப் பழக்க வேண்டும்: 38-லிருந்து நாற்பதுக்கு இரண்டு, நாற்பதிலிருந்து ஐம்பதுக்குப் பத்து. அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் வேலையைச் சின்னப் படிகளாக உடைக்கும் இந்த முறையை ஊறப்போட்டுக் கற்றுத்தருவார்கள்.

நாடு முழுக்க இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைப்பது அறிவுசார், செவித்திறன், பார்வைப் பிரிவுகளே. கற்றல் குறைபாட்டுப் பிரிவு கிடைப்பது அரிது. இரண்டும் கிடைத்து, சாதாரணப் பள்ளியில் வேலை செய்வதே குறி என்றால் கற்றல் குறைபாட்டை எடுக்கலாம். ஆனால் சிறப்புப் பள்ளி, ஆரம்பநிலைப் பயிற்சி மையம், வட்டார வள மையம் என்று கதவுகள் அதிகம் திறப்பது அறிவுசார் பிரிவுக்குத்தான். அதை எடுத்துவிட்டு, வாசிப்புச் சிக்கலைக் கையாளத் தனியாக ஒரு குறுகிய காலப் பயிற்சி எடுப்பதே எங்கள் கணக்கில் பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

அந்தக் குறுகிய காலப் பயிற்சியில் ஒன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் அது ஆங்கில எழுத்தை வைத்தே நடக்கிறது: 'பி'யும் 'டி'யும் தலைமாறுவது, எழுத்தொலி சேர்ப்பது. தமிழ்வழிப் பிள்ளையின் சிக்கல் வேறு மாதிரி. 'செ' என்று காதில் விழும்போது மெய்யொலி முன்னால், உயிரொலி பின்னால். எழுதும்போதோ கொம்பை முதலில் போட வேண்டும். கேட்ட வரிசையிலேயே எழுதும் பிள்ளை 'செடி'க்கு முதலில் ச போட்டுவிட்டு அடுத்துக் கொம்பை எழுதும். அந்தக் கொம்பு 'டி'யின் தலையில் ஏறிக்கொள்ளும். 'கொ', 'கோ' வந்தால் கொம்பு ஒருபக்கம், துணைக்கால் ஒருபக்கம், நடுவில் எழுத்து. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண குழப்பம் தனி. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பது இன்னொன்று. இவற்றைத் தமிழ் எழுத்தை வைத்தே பயிற்றும் இடம் கிடைத்தால் கொஞ்சம் தூரமானாலும் போகலாம்.

தொலைநிலை

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பி.எட். சிறப்புக் கல்வியைத் தொலைநிலையில் நடத்துகிறது. ரெகுலரைவிட அரையாண்டு கூட, இரண்டரை ஆண்டு. ஆர்.சி.ஐ. அனுமதி உள்ள வரை பதிவு எண்ணில் ரெகுலருக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கும், குடும்பத்தைவிட்டு நகர முடியாதவர்களுக்கும் இதுவே வழி.

சறுக்குவது எங்கே என்றால், களப்பணியில். நேர்முக வகுப்புகள் விடுமுறை நாள்களில் ஒருவழியாக முடிந்துவிடும். சிறப்புப் பள்ளியில் தொடர்ச்சியாக இருக்க வேண்டிய நாள்களுக்கு விடுப்பு கிடைக்காமல், ரெக்கார்டு நோட்டை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுவோம் என்ற எண்ணம் வரும். முந்தைய பேட்ச் நோட்டு கைமாறும். தனிநபர் கல்வித் திட்டம் (ஐ.இ.பி.) எழுதப்படும், ஆனால் அந்தப் பெயரில் குழந்தை இருக்காது. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், இந்தப் பட்டியலில் இந்த வரிக்கு ஏன் இந்தக் குறி போட்டீர்கள் என்று ஒன்றைக் கேட்டால் போதும்.

அந்தக் குறிகளே ஒரு பாடம். எஃப்.ஏ.சி.பி. என்ற மதிப்பீட்டுப் பட்டியலில் பிள்ளை தானாகச் செய்தால் ஒரு குறி, சாடை காட்டினால் செய்தால் ஒன்று, வாயால் சொன்னால் செய்தால் ஒன்று, கைபிடித்துச் செய்ய வேண்டியிருந்தால் ஒன்று. முற்றிலும் சார்ந்திருப்பதற்கு ஒன்று, அந்த வேலையைச் செய்ய வாய்ப்பே கிடைத்ததில்லை என்பதற்கும் ஒன்று. ஒரு நிலையில் 80 சதவீதம் எட்டினால் அடுத்த நிலைக்குப் போகலாம். புதிதாக வருபவர் செய்யும் தப்பு, வாய்ப்பில்லாததைத் தெரியாததாகக் குறிப்பது. பணத்தையே கையில் தொடவிடாத வீட்டுப் பிள்ளைக்கு நாணயம் அடையாளம் தெரியாதது குறைபாட்டின் அளவைக் காட்டாது. சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். பட்டியலில் 18 துறைகள், துறைக்கு 20 வரிகள், மொத்தம் 360. இதை நேரில் ஒரு பிள்ளையை வைத்து ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்தவருக்கும் நோட்டைப் பார்த்து எழுதியவருக்கும் உள்ள வித்தியாசம் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் தெரிந்துவிடும்.

இலக்கு எழுதுவதிலும் இதே கதை. 'எண்ணறிவு மேம்படும்' என்பது இலக்கு ஆகாது. 'ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைக் கலந்து வைத்தால், கேட்ட நாணயத்தை ஐந்துமுறையில் நான்குமுறை எடுத்துத் தருவான், ஜூலை முடிவுக்குள்' என்பது இலக்கு. எந்தச் சூழலில், என்ன செய்கிறான், எத்தனைக்கு எத்தனை, எப்போதைக்குள். இதைப் பக்கத்தில் இருந்து சிவப்பு மையில் திருத்த ஒருவர் வேண்டும். தொலைநிலையில் அந்த ஒருவரை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

சாதாரணப் பள்ளியில் வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு ஒரு சாதகமும் உண்டு. லேசான குறைபாடுள்ள பிள்ளைகள் அவர் வகுப்பிலேயே இருக்கிறார்கள். சிறப்புப் பள்ளி நாள்களுக்கு முன்கூட்டியே விடுப்புத் திட்டம் போட்டுவிட்டால், ரெகுலரில் படிப்பவருக்குக் கிடைக்காத அனுபவம் இவருக்குக் கிடைக்கும். வெளிமாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'சென்டர்' இங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் உஷார். மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லை அவரவர் மாநிலம்தான்.

பட்டதாரி எதற்கு டி.எட். படிக்க வேண்டும்?

டி.எட். சிறப்புக் கல்வி பிளஸ் டூவுக்குப் பிந்தைய இரண்டாண்டு டிப்ளமோ. பட்டம் வாங்கியவர் கீழே இறங்குவதா என்று பலரும் இதைத் தள்ளிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். இதில் அறிவுசார் மற்றும் வளர்ச்சிக் குறைபாடு (ஐ.டி.டி.) என்ற பிரிவு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு மூன்றையும் சேர்த்தே நடத்துகிறது. நாம் முதலில் பார்த்த அந்த வள அறை மேசைக்குப் பி.எட்.டின் எந்தத் தனிப் பிரிவையும்விட இது பொருத்தமாக உட்காருகிறது.

தொடக்க வகுப்புகள் இன்னொரு காரணம். பி.எட். படித்தவரும் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கலாம் என்ற 2018ஆம் ஆண்டு அறிவிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று சொல்லிவிட்டது. அது பொது பி.எட். பற்றிய வழக்குதான். இருந்தாலும் தொடக்கநிலைப் பணிகளுக்கு டிப்ளமோ கேட்கும் போக்கு அதன்பின் உறுதியாகிவிட்டது. சின்னப் பிள்ளைகளோடுதான் வேலை செய்யப் போகிறோம் என்று தெளிவாக இருப்பவருக்கு டி.எட். வீண் இல்லை. ஆறாம் வகுப்புக்கு மேல், கேந்திரிய வித்யாலயா பட்டதாரி ஆசிரியர் என்று கனவு இருந்தால் பி.எட்.தான்.

ஆறு மாத சி.பி.ஐ.டி. (சமூகம் சார்ந்த உள்ளடக்கிய வளர்ச்சி) போன்ற சான்றிதழ்களுக்கும் ஆர்.சி.ஐ. பதிவு உண்டு. அது சமூகப் பணியாளர் என்ற பதிவு. அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. இதைத் தெரியாமல் பணம் கட்டியவர்கள் நிறைய.

பொது பி.எட். முடித்துவிட்டு அதில் வரும் 'உள்ளடக்கிய கல்வி' தாள் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரே வரி: போதாது. வகுப்பாசிரியராகப் பிள்ளையைப் புரிந்துகொள்ள அது உதவும், சிறப்புப் பயிற்றுநர் பணிக்குத் தகுதி ஆகாது. எம்.எட். சிறப்புக் கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர் ஆவதற்கு. நான்கைந்து ஆண்டு பிள்ளைகளோடு இருந்துவிட்டு அதற்குப் போவதே மேல்.

வேலை நிலவரம்

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் பயிற்றுநர் விகிதத்தை வகுக்கச் சொன்னது. 2022இல் மத்திய அரசு தொடக்கநிலையில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று வைத்தது. 2025 மார்ச்சில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கும்படி மாநிலங்களுக்கு நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது. ஆண்டுக்கணக்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்கள் வழியே தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். புதிதாகச் சேருபவர், நிரந்தரப் பணி உடனே வரும் என்ற கணக்கில் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளே இப்போதைக்கு வேகமாக ஆள் எடுக்கின்றன. அங்கே ஒரே ஸ்பெஷல் எஜுகேட்டரை வைத்துக்கொண்டு மாற்று ஆசிரியராக எல்லா வகுப்புக்கும் அனுப்புவதும் நடக்கிறது. நேர்காணலிலேயே வள அறை நேரம் எத்தனை பீரியட் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கட்டுமுன்

இணையதளப் பட்டியல் பார்த்தாயிற்று. பயிற்சிப் பள்ளியையும் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் கல்லூரிக்காரர் கூட வராமல். ஒரு பிள்ளையைச் சுற்றி எத்தனை பயிற்சி மாணவர்கள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் யாரும் கற்பிக்கவில்லை, வேடிக்கைதான் பார்க்கிறார்கள்.

கடைசிச் செமஸ்டரில் படிப்பவர்கள் பட்டச் சான்றிதழில் குறைபாட்டுப் பிரிவின் பெயர் அச்சாகிறதா என்று கேட்டுவையுங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்று என எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் ஊரில் இங்கேதான் சிக்கல். பத்தாம் வகுப்பில் ஒற்றை இனிஷியல், கல்லூரியில் இரண்டு இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால், திருமணத்துக்குப் பின் வங்கியில் கணவர் பெயர். விண்ணப்பம் கேள்வியோடு திரும்பிவரும், மாதங்கள் போகும், அதற்குள் அறிவிக்கையின் கடைசித் தேதியும் போய்விடும். சேர்க்கைப் படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளி மாறாமல் பெயரை எழுதுங்கள்.